கடைமடைக்கும் இணையம்

நுழையும்முன்

ஆற்றில் நீர் பெருகினாலும் கடைமடை வயல் தானாக நனைவதில்லை. இடையிலுள்ள கால்வாயை யார் வெட்டுவது, மதகை யார் திறப்பது, எவருக்கு எந்த முறையில் நீர் விடுவது என்னும் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே நீர் அங்குச் சென்று சேரும். இணையத்திற்கும் இது பொருந்தும். சிற்றூர்களுக்கு அகலக்கற்றை இணைப்பைக் கொண்டுசெல்ல அரசுகள் பொதுப்பணத்தைச் செலவிடுகின்றன. அப்பணம் யார் கைக்கு, எந்த நிபந்தனையின்பேரில் செல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறை கைப்பேசித் திரைக்கு இடம்மாறியது. நகரத்து மாணவர் தம் வீட்டில் அமர்ந்தபடியே பாடம் கேட்டார். மலையடிவாரச் சிற்றூர்களின் பிள்ளைகளோ அலைக்குறி கிடைக்கும் மேட்டையும் மொட்டைமாடியையும் தேடிச் சென்றனர். பாடநூல் இருவருக்கும் ஒன்று, தேர்வும் ஒன்று. இடையில் இருந்த வேறுபாடு ஒரு கம்பியின் தொலைவுதான்.

பெருந்தொற்று விலகிய பின்னும் அவ்வேறுபாடு விலகவில்லை. கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம், பட்டா மாறுதல், நெல் கொள்முதலுக்கான பதிவு, மருத்துவக் காப்பீட்டு அட்டை என இன்று அரசின் கதவுகளுள் பெரும்பாலானவை இணையத்தின் வழியே திறக்கின்றன. இணைப்பு இல்லாத ஊரினர் இச்சேவைகளுக்காகப் பேருந்தேறிச் செல்கின்றனர். ஒரு நாள் கூலியையும் இழக்கின்றனர். ஆகவே, இணைய வசதியைச் சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ணும் நிலை உருவாகியுள்ளது. இந்தியாவில் அகலக்கற்றை எனப்படுவதற்கு வினாடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் பதிவிறக்க வேகம் இருத்தல் வேண்டும் என 2023ஆம் ஆண்டு வரையறை உயர்த்தப்பட்டது. அதற்கு முன் 512 கிலோபிட் இருந்தாலே போதும் எனக் கருதப்பட்டது.

சிற்றூரைத் தவிர்க்கும் கணக்கு

தனியார் நிறுவனங்கள் ஏன் சிற்றூர்களுக்குத் தாமாகவே செல்வதில்லை? இதனை நிறுவனங்களின் மனச்சாட்சி பற்றிய கேள்வியாகக் கொள்வதைவிடக் கணக்குப் பற்றிய கேள்வியாகக் கொள்வதே பொருத்தம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் யாவும் புரிதலுக்காகக் கொள்ளப்பட்டவை.

ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிற்றூர் உள்ளது. கண்ணாடியிழை வடம் பதிக்கக் கிலோமீட்டருக்கு 3 லட்சம் ரூபாய் எனக் கொண்டால், மொத்தச் செலவு 24 லட்சம். இதில் இழையின் விலை சிறுபகுதியே; பள்ளம் தோண்டுவதும், சாலையைக் கடப்பதும், அனுமதி பெறுவதும், தோண்டிய இடத்தை மூடுவதுமே பெருஞ்செலவு. ஊரில் 60 வீட்டார் மாதம் 400 ரூபாய் செலுத்தி இணைப்புப் பெற்றால் மாத வருவாய் 24,000 ரூபாய். அதில் பாதி பராமரிப்பிற்கும் ஊதியத்திற்கும் சென்றுவிட்டால் மிஞ்சுவது 12,000 ரூபாய். போட்ட முதலை எடுக்க 200 மாதங்கள், அதாவது 16 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். வட்டியைச் சேர்த்தால் முதல் திரும்பவே திரும்பாது. அதே 8 கிலோமீட்டர் வடம் நகரத் தெருக்களில் 1,000 வாடிக்கையாளரைத் தரும் எனில், ஒரே ஆண்டில் முதல் திரும்பிவிடும்.

இக்கணக்கில் இன்னொரு செய்தியும் பொதிந்துள்ளது. அச்சிற்றூருக்கு இரண்டாவதாக ஒரு நிறுவனம் வந்து தனக்கென ஒரு வடத்தைப் பதித்தால் வாடிக்கையாளர் 30, 30 எனப் பிரிவர். இரு நிறுவனங்களுமே நட்டமடையும். ஒன்றுக்கு மேற்பட்ட வடத்தைத் தாங்க இயலாத இத்தகைய நிலையைப் பொருளியலார் ‘இயற்கை முற்றுரிமை’ என்பர். எனவே சிற்றூரில் முதலில் வடம் பதிப்பவர் பல்லாண்டுகளுக்கு அவ்வூரின் ஒரே வாயிற்காப்பாளராக விளங்குவார். அவ்வடம் அவருடைய சொந்தப் பணத்தில் பதிக்கப்பட்டதாயின், அது அவர் ஏற்ற இடர்ப்பாட்டின் பயன் எனலாம். மக்கள் பணத்தில் பதிக்கப்பட்டதாயின் அவ்வாறு கூற இயலாது. கிராமப்புற அகலக்கற்றை மானியத்தில் நேர்மையான போட்டி பற்றிய வாதங்கள் அனைத்தும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

யார் தரும் பணம்?

இந்தியாவில் இம்மானியம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கையை ஒட்டி ‘அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியம்’ உருவாக்கப்பட்டு, 2002 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அதற்குச் சட்டத் தகுதியை அளித்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டை இந்நிதியத்திற்குச் செலுத்துகின்றன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ எனப் புதுப்பெயர் சூட்டியது.

நிறுவனங்கள் செலுத்துகின்றன என்று கூறினாலும், அத்தொகை இறுதியில் நம் கட்டணங்களிலிருந்தே திரட்டப்படுகிறது. கைப்பேசிக்கு மீளேற்றம் செய்யும் ஒவ்வொருவரும், இணைப்பில்லாத ஏதோவோர் ஊருக்காகச் சிறு தொகையை அளித்தவராகிறார். அவ்வாறு சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவிடப்படாமல் தேங்கிக் கிடந்தது என்பது இந்நிதியத்தின் வரலாற்றில் வருந்தத்தக்க பக்கமாகும்.

இதில் போட்டி சார்ந்த ஒரு முரணும் உண்டு. பணத்தைச் செலுத்துவோருள் தனியார் நிறுவனங்களும் உள்ளன. அப்பணம் அவற்றின் போட்டியாளரான ஒரு நிறுவனத்துக்கே, அது அரசு நிறுவனமாக இருந்தாலும், ஏலமின்றி அளிக்கப்படுமானால், ஓட்டப்பந்தயத்தில் ஒருவரிடம் வாங்கிய பணத்தில் மற்றவருக்குக் காலணி வாங்கித் தந்ததுபோல் ஆகும். மறுபுறத்தில், நட்டம் தரும் சிற்றூர்களைப் பல்லாண்டுகளாகச் சுமந்துவந்தது அந்த அரசு நிறுவனந்தான் என்னும் வாதத்திலும் வலுவுண்டு. இரண்டையும் எடைபோட்டே வழி காண வேண்டும்.

குறைவாகக் கேட்பவருக்கே மானியம்

அவ்வழிகளுள் ஒன்றைத் தென் அமெரிக்க நாடான சிலி உலகிற்குக் காட்டியது. அந்நாடு 1994ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு வளர்ச்சி நிதியம் ஒன்றை ஏற்படுத்தி, அதற்கடுத்த ஆண்டிலிருந்து, பொதுத் தொலைபேசி இல்லாத ஊர்களுக்கு ஏலம் நடத்தியது. வழக்கமான ஏலத்தில் மிகுதியாகத் தருபவர் வெல்வார். இங்கோ மிகக் குறைவாகக் கேட்பவர் வெல்வார். ஊருக்குத் தொலைபேசி அமைக்க இவ்வளவு மானியம் போதும் என எவர் மிகச் சிறிய தொகையைக் கேட்கிறாரோ, அவருக்கே பணி அளிக்கப்பட்டது. இதுவே தலைகீழ் ஏலம். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் 6,000க்கும் மேற்பட்ட ஊர்கள் இத்திட்டத்திற்குள் வந்தன. சில பகுதிகளுக்கு நிறுவனங்கள் மானியமே வேண்டாம் எனக் கூறி முன்வந்ததுதான் வியப்பு. அரசின் கணிப்பில் நட்டம் தரும் எனத் தோன்றிய ஊர், வேறு சேவைகளையும் அதே வலையமைப்பின் வழியே விற்க எண்ணிய நிறுவனத்தின் கணிப்பில் அவ்வாறு தோன்றவில்லை. ஓர் ஊருக்கு உண்மையில் எவ்வளவு மானியம் தேவை என்பதை அலுவலகக் கோப்பைவிடப் போட்டி துல்லியமாகச் சொல்லிவிடும் என்பது இதனால் விளங்கியது.

ஆயினும், ஏலம் என்னும் பெயரால் மட்டும் போட்டி பிறந்துவிடுவதில்லை. இந்தியாவிலும் புதிய நிதியம் தன் தொடக்க ஆண்டுகளில் ஊர்ப் பொதுத் தொலைபேசிகளுக்குத் தலைகீழ் ஏலம் நடத்தியது. அரசு ஓர் உச்சவரம்பை அறிவித்தது. பெரும்பாலான தொலைபேசி வட்டங்களில் அரசு நிறுவனம் ஒன்றே கலந்துகொண்டது. அறிவிக்கப்பட்ட உச்சவரம்பையே மானியமாகவும் கேட்டது. தன்னைத் தவிர எவரும் வரப்போவதில்லை என்பதை அறிந்தவர் ஏன் குறைத்துக் கேட்கப் போகிறார்? உரிமம் பெற்றோர் சிலராகவும், அவர்களுள் சிற்றூரில் கட்டமைப்பு வைத்திருந்தவர் ஒருவராகவும் இருந்த இடத்தில் ஏலம் வெறும் சடங்காயிற்று.

சில ஆண்டுகளில் இப்பாடம் கற்றுக்கொள்ளப்பட்டது. 2007ஆம் ஆண்டு கிராமப்புறக் கைப்பேசிக் கோபுரங்களுக்கு மானியம் வழங்கியபோது, 7,000க்கும் மேற்பட்ட கோபுர இடங்களை 81 தொகுதிகளாகப் பிரித்து ஏலம் விட்டனர். கோபுரத்தை அமைக்கும் பணி ஒன்றாகவும், அதன் மீது கருவிகளைப் பொருத்திச் சேவை வழங்கும் பணி மற்றொன்றாகவும் பிரிக்கப்பட்டன. ஒரு கோபுரத்தை மூன்று சேவை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. விளைவு, முன்னைய ஏலத்திற்கு நேர்மாறாக அமைந்தது. சேவைப் பகுதிக்கான ஏலத்தில் சில தொகுதிகளுக்கு நிறுவனங்கள் மானியமே கேட்கவில்லை. சில தொகுதிகளுக்குத் தாமே அரசுக்குப் பணம் தருவதாகவும் எழுதிக் கொடுத்தன. ஏறுவதற்குப் பொதுக் கோபுரம் கிடைத்துவிட்டால் சிற்றூர்ச் சந்தை ஆதாயம் தரக்கூடியதே என்பதை அந்தப் புள்ளிகள் காட்டின.

மிகக் குறைவாகக் கேட்டவரையே நம்புவதிலும் இடர் உண்டு. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த கிராமப்புற இணைய ஏலத்தில் பத்தாண்டுகளுக்கு 920 கோடி டாலர் மானியம் ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு சிறிய நிறுவனம் மட்டும் 130 கோடி டாலர் அளவிற்குப் பணிகளை வென்றது. சொன்ன வேகத்தில், சொன்ன காலத்தில் வலையமைப்பை உருவாக்கும் ஆற்றல் தனக்குண்டு என அந்நிறுவனம் மெய்ப்பிக்கவில்லை எனக் கூறி, 2022 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அதன் விண்ணப்பத்தைத் தள்ளியது. பணம் வீணாகவில்லை, ஆனால், அவ்வூர்களின் இரண்டு ஆண்டுகள் வீணாயின. வேறொருவர் வரும் வாய்ப்பும் அக்காலத்தில் முடங்கிக் கிடந்தது.

வெள்ளை, சாம்பல், கறுப்பு

எந்த ஊருக்கு மானியம் தரலாம் என்னும் கேள்வியை ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு கோணத்தில் அணுகியது. அதன் வழிகாட்டு நெறிகள் நிலப்பரப்பை மூன்று நிறங்களாகப் பகுக்கின்றன. தகுந்த வலையமைப்பு இல்லாததும், அண்மைக்காலத்தில் வரும் எனத் தோன்றாததுமான பகுதி வெள்ளை. ஒரே ஒரு வலையமைப்பு உள்ள பகுதி சாம்பல். இரண்டோ அதற்கு மேலோ உள்ள பகுதி கறுப்பு. வெள்ளைப் பகுதிக்கு மானியம் தருவது எளிது. சாம்பல் பகுதிக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். கறுப்புப் பகுதியில் பெரும்பாலும் கூடாது.

நெதர்லாந்தின் வடபகுதியில் உள்ள சிறு நகரமான அப்பிங்கெடாம் இந்நெறியின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அந்நகராட்சி தன் குடிமக்களுக்காகக் கண்ணாடியிழை வலையமைப்பு ஒன்றை அமைக்க விரும்பியது. நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால், அங்கு ஏற்கெனவே தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு நிறுவனமும், தொலைக்காட்சி வடம் வழியாக மற்றொரு நிறுவனமும் தம் சொந்த முதலீட்டில் இணையச் சேவை அளித்துவந்தன. நகராட்சியின் பணம் அவர்களுக்கு எதிராகச் செலவிடப்பட்டதாகும் எனக் கூறி 2006ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையம் அதற்குத் தடை விதித்தது.

இத்தீர்ப்பைக் கடுமையானது எனக் கருதுவோர் உண்டு. மெதுவான இணைப்பு ஒன்று இருக்கிறது என்பதற்காக விரைவான இணைப்பு வரக்கூடாதா என அவர்கள் வினவுவர். நியாயமான வினாவே. எனினும், தன் நகையை அடகுவைத்து ஊருக்குள் வடம் இழுத்த உள்ளூர்க் கம்பிவடத் தொலைக்காட்சியாளர் ஒருவரின் இடத்திலிருந்தும் இதனைப் பார்க்க வேண்டும். நாளை அரசுப் பணத்தில் ஒரு பெருநிறுவனம் அதே தெருவுக்கு வந்து பாதி விலையில் இணைப்புத் தரும் எனில், இனி எவரும் சொந்தப் பணத்தைச் சிற்றூரில் போடத் துணியமாட்டார். மானியம் இல்லாத இடத்துக்கு முதலீட்டை வரவழைக்க வேண்டிய பணம், இருக்கும் முதலீட்டையும் விரட்டிவிடக் கூடாது.

இங்கிலாந்தின் பட்டறிவு மற்றொரு வகையானது. அங்குக் கிராமப்புற அகலக்கற்றைத் திட்டத்தின் முதற்கட்டத்தில் உள்ளாட்சிகள் 44 ஒப்பந்தங்களை அளித்தன. களத்தில் இறுதிவரை நின்ற இரு நிறுவனங்களுள் ஒன்று 2013ஆம் ஆண்டு விலகிவிட, 44 ஒப்பந்தங்களும் நாட்டின் பழைய தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கே சென்றன. நாட்டின் தணிக்கை அலுவலகமும் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவும் போட்டியின்மையைக் குறை கூறின. அவ்வொப்பந்தங்களில் இருந்த ஒரு விதி மட்டும் நன்மை விளைத்தது. எதிர்பார்த்ததைவிட மிகுதியான மக்கள் இணைப்புப் பெற்றால், அதனால் வரும் ஆதாயத்தில் ஒரு பங்கை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். மக்கள் எதிர்பார்ப்பை மிஞ்சி இணைப்புப் பெற்றனர். பெருந்தொகை திரும்பி வந்து, விடுபட்ட ஊர்களுக்குச் செலவிடப்பட்டது. போட்டி இல்லாத இடத்தில் ஒப்பந்தத்தின் ஒரு வரி அதன் வேலையை ஓரளவு செய்தது.

பாரத்நெட் கடந்துவந்த பாதை

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2011 அக்டோபரில் ஒன்றிய அரசு தேசியக் கண்ணாடியிழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை வடத்தைக் கொண்டுசென்று, ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தை அளிப்பது இலக்கு. பின்னர் இத்திட்டம் ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்றது.

இதன் அடிப்படைக் கருத்து பாராட்டத்தக்கது. அரசு நேரடியாக வீடுகளுக்கு இணையத்தை விற்க எண்ணவில்லை. ஊராட்சி வரையிலான வழியை மட்டும் பொதுப்பணத்தில் அமைத்து, அதற்கப்பால் சேவை தர விரும்பும் தொலைத்தொடர்பு நிறுவனம், இணையச் சேவையாளர், உள்ளூர்க் கம்பிவடத் தொலைக்காட்சியாளர் ஆகிய அனைவருக்கும் பாகுபாடின்றி அவ்வழியைத் திறந்துவிடுவதே திட்டம். சாலையை அரசு அமைக்கும். வண்டிகளை எவரும் ஓட்டலாம். கோவைப் பகுதியில் கல்வெட்டாக நிற்கும் ‘இராசகேசரிப் பெருவழி’யை இங்கு நினைவுகூரலாம். பெருவழி அமைப்பதும் காப்பதும் அரசின் கடமையாகவும், அதில் வணிகம் செய்வது வணிகச் சாத்துகளின் தொழிலாகவும் இருந்த நாடு இது.

தெரிந்து தெளிவோம்

ஒரு வடத்தினுள் தலைமுடியளவு மெல்லிய கண்ணாடியிழைகள் பல இருக்கும். பாரத்நெட் வடங்களுள் பெரும்பாலானவற்றில் 24 இழைகள் உள்ளன. ஒளி செலுத்தப்படாமல் வெறுமனே கிடக்கும் இழை ‘இருள் இழை’ எனப்படும். அதை வாடகைக்குப் பெறும் நிறுவனம் தன் கருவிகளை இரு முனைகளிலும் பொருத்தித் தானே ஒளியைச் செலுத்திக்கொள்ளும். ஒரே வடத்தின் வெவ்வேறு இழைகளில் வெவ்வேறு நிறுவனங்கள் ஒன்றையொன்று தொடாமல் இயங்க இயலும்.

கருத்து நன்றாக இருந்தும் செயல் தளர்ந்தது. முதற்கட்டப் பணி ஏலமின்றி மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஈராண்டுகளில் முடிப்பதாகத் தொடங்கிய பணியில் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் நிறைவுபெற 2017 டிசம்பர் ஆயிற்று. ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு ஒற்றை வரிசையாக வடம் சென்றதால், வழியில் சாலைப் பணிக்கான ஓர் எந்திரம் அதை அறுத்துவிட்டால் அதற்கப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் இருண்டன. வடம் சென்றும் உயிரற்றுக் கிடந்த ஊராட்சிகள் பல. இணைப்பு என்றைக்கு நிற்கும் எனத் தெரியாத வழியை வாடகைக்கு எடுக்கச் சேவை நிறுவனங்கள் தயங்கின. எல்லாருக்கும் திறந்திருந்தும் எவரும் நுழையாத கதவாக அது ஆயிற்று. பாகுபாடின்மை என்னும் விதி தாளில் இருப்பது மட்டும் போட்டியை உண்டாக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்து, தனியாரை முழுமையாக அழைத்துப் பார்த்தனர். 2021 ஜூனில் 16 மாநிலங்களில் பொது – தனியார் கூட்டாண்மை முறையில் இப்பணியைச் செய்ய, நட்டத்தை ஈடுசெய்யும் மானியமாக 19,041 கோடி ரூபாய் வரை வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. போதிய ஆர்வம் காட்டுவோர் இன்றி அம்முயற்சி கைவிடப்பட்டது. மிகப்பெரிய தொகுதிகளும், நெடுங்காலப் பொறுப்பும், பழைய வடங்களின் நிலை பற்றிய ஐயமும் சேர்ந்தால் எந்த நிறுவனமும் கணக்குப் போட்டுப் பார்த்துப் பின்வாங்கவே செய்யும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றது. இதில் வடங்கள் ஒற்றை வரிசையாகச் செல்லாமல் வளையமாக அமைக்கப்படுகின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபுறம் சுற்றிவந்து இணைப்பு நிலைத்திருக்கும். பராமரிப்புக்கான பொறுப்பும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. ஊராட்சியிலிருந்து வீடு வரையிலான கடைசித் தொலைவு உள்ளூர்த் தொழில்முனைவோரிடம் விடப்படுகிறது.

தமிழ்நாட்டில் ஓர் ஒப்பந்தப்புள்ளி

தமிழ்நாட்டில் இத்திட்டத்தை மாநில அரசே ‘தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம்’ வாயிலாகச் செயல்படுத்துகிறது. 12,525 ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. மின்கம்பங்கள் எங்கும் சென்றிருப்பதால் வடத்தின் பெரும்பகுதியைப் பள்ளம் தோண்டாமல் அக்கம்பங்களின் மீதே கொண்டுசெல்ல முடிவு செய்யப்பட்டது. முன்னர்க் கண்ட கணக்கில் பெருஞ்செலவு எது என்பதை நினைவிற்கொண்டால் இம்முடிவின் பொருள் விளங்கும்.

இத்திட்டத்திற்காகக் கோரப்பட்ட, ஏறத்தாழ 1,950 கோடி ரூபாய் மதிப்பிலான ஒப்பந்தப்புள்ளி 2020ஆம் ஆண்டு பெரும் விவாதத்திற்கு உள்ளானது. அதன் நிபந்தனைகளுள் சில, ஒரு சிலருக்கு மட்டுமே பொருந்தும்படி அமைந்துள்ளன எனப் புகார் எழுந்தது. ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை அதனை ஆராய்ந்து, நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன எனக் கூறியது. அந்த ஒப்பந்தப்புள்ளியைக் கைவிட்டுத் திருத்திய நிபந்தனைகளுடன் மீண்டும் கோருமாறு அறிவுறுத்தியது. பின்னர்ப் பணி நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுப் புதிதாகப் புள்ளிகள் கோரப்பட்டன.

ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனை போட்டியை எவ்வாறு கட்டுப்படுத்தும் என்பதைச் சற்று விரித்துப் பார்ப்பது நலம். எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லி விலக்க வேண்டியதில்லை. கடந்த ஆண்டுகளில் இவ்வளவு கோடி வணிகம் செய்திருக்க வேண்டும் என்னும் எண்ணைச் சற்று உயர்த்தினால் நடுத்தர நிறுவனங்கள் தாமாகவே விலகும். கருவியின் பயனைக் கூறாமல் அதன் அளவையும் வடிவையும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புக்குப் பொருந்தும்படி எழுதினால், மற்றவை தகுதியிழக்கும். கடைசி நாளுக்குச் சில நாள் முன்பு ஒரு திருத்தத்தை வெளியிட்டால், அதை முன்னரே அறிந்தவர் மட்டுமே ஆயத்தமாக இருப்பார். இத்தகைய வழிகளை அடைப்பதற்காகவே 1998ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு புள்ளி அளிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தண்டனைக்குரியதாக்குகிறது. எனினும், தகுதி நிபந்தனையே கூடாது என இதற்குப் பொருளில்லை. அமெரிக்க ஏலத்தில் கண்டதுபோல், ஆற்றல் அற்றவர் குறைந்த தொகை கேட்டு வென்றாலும் ஊர் இருளிலேயே இருக்கும். பணியைச் செய்து முடிக்கப் போதுமான தகுதி எது, போட்டியாளரை வெளியே நிறுத்துவதற்கான வேலி எது என்னும் எல்லைக்கோடு மெல்லியது. அதை வரைபவர் தம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எவரும் படித்துப் பார்க்க இயல வேண்டும்.

மறு ஒப்பந்தப்புள்ளியால் பணி தாமதமாயிற்று என்பதையும் மறைக்கலாகாது. இணையவழி வகுப்புக்காக மேடு தேடிச் சென்ற பிள்ளைகளுக்கு அந்தக் காலமே மிகவும் தேவையான காலமாக இருந்தது. முதலிலேயே நிபந்தனைகள் பொதுவாக எழுதப்பட்டிருந்தால் அத்தாமதம் நேர்ந்திராது. போட்டியைப் புறக்கணிப்பது விரைவான வழி எனத் தோன்றினாலும், முடிவில் அதுவே நெடுவழியாகிவிட்டது.

மதகின் சாவி

வடம் ஊராட்சி அலுவலகத்தை அடைந்துவிட்டது எனக் கொள்வோம். அங்கே சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் சிறு விளக்குகள் மின்னுகின்றன. அவ்வூரிலும் பக்கத்து ஊரிலும் இரண்டு கம்பிவடத் தொலைக்காட்சியாளர் இருக்கின்றனர். இருவரும் அப்பெட்டியிலிருந்து இணைப்பைப் பெற்று வீடுகளுக்குக் கொண்டுசெல்ல விரும்புகின்றனர். இப்போது எழும் கேள்விகள் எளியவை. இருவருக்கும் ஒரே வாடகையா? அந்த வாடகை எங்கேனும் வெளியிடப்பட்டுள்ளதா? ஒருவருக்கு மூன்று நாளிலும் மற்றவருக்கு மூன்று மாதத்திலும் இணைப்பு வழங்கப்படுகிறதா? பழுது ஏற்பட்டால் இருவருடைய முறையீடும் ஒரே வரிசையில் நிற்கிறதா? வடத்தைப் பராமரிக்கும் நிறுவனமே வீடுகளுக்கும் சேவை விற்கத் தொடங்கினால், தன் வாடிக்கையாளருக்கு ஒரு வேகமும் பிறருடைய வாடிக்கையாளருக்கு ஒரு வேகமும் தராமல் இருக்கிறதா எனச் சரிபார்ப்பவர் யார்?

காவிரிப் படுகையின் முறைப்பாசனத்தில் இக்கேள்விகளுக்கு விடை எழுதிவைக்கப்பட்டிருந்தது. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், எந்த மதகு எப்போது மூடப்படும் என்பது ஊரார் அனைவரும் அறிந்த செய்தி. தலைமடைக்காரர் ஒருவர் இரவில் மதகை அடைத்தால் விடிவதற்குள் கடைமடை ஊருக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியிழையில் ஓடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே ஒவ்வோர் ஊராட்சியின் இணைப்பும் மாதத்தில் எத்தனை மணிநேரம் உயிருடன் இருந்தது, எத்தனை இழைகள் எந்தெந்த நிறுவனத்திடம் என்ன வாடகைக்கு உள்ளன என்னும் விவரங்களை அவ்வூர் மக்கள் பார்க்கும் வகையில் வெளியிடுதல் இன்றியமையாதது.

கிராம சபை ஆண்டுதோறும் பலமுறை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்படுகிறது; குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் அங்கே பேசப்படுகின்றன. அலுவலகச் சுவரில் இருக்கும் அப்பெட்டியின் விளக்குகள் எத்தனை நாள் எரிந்தன, அதிலிருந்து எத்தனை பேர் இணைப்பு வாங்கி ஊருக்குள் விற்கின்றனர் என்னும் கேள்வியையும் அதே கூட்டத்தில் ஒரு மாணவர் எழுந்து கேட்கலாம்.